பழைய டொயோட்டாவுக்கு த்ராட்டில் சென்சார்: புதுக் காப்பியா, பாவித்த ஒரிஜினலா?

தொண்ணூறுகளில் வந்த கொரோலா, கொரோனா, கரினாவில் த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழியின் மூடி) எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார் போனால் மூன்று வழி உண்டு. கம்பனிப் பெட்டியில் வரும் புது ஒரிஜினல், மலிவான புதுக் காப்பி, கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் கழற்றி விற்கும் பாவித்த ஜப்பான் சென்சார். நான் எடுத்தது கடைசியை. இன்னொருவர் கேட்டாலும் அதையே சொல்வேன், ஆனால் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்கினால் மட்டும்.

கம்பனிப் புதியதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிடைத்தால், விலையும் கட்டுப்படியானால், அதையே போடுங்கள். இந்த வயது வண்டிக்கு அது எப்போதும் கிடைப்பதில்லை என்பதால்தான் மற்ற இரண்டையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எதை வாங்கப் போனாலும் முதலில் சொக்கெட்டில் உள்ள பின்களை எண்ணுங்கள். இங்கே சொல்வது நாலு பின் வகையை: 5 வோல்ட் வரும் விசி, த்ராட்டில் திறக்கத் திறக்க ஏறும் சிக்னலான விடிஏ, கால் எடுத்ததைச் சொல்லும் ஐடிஎல், ஏர்த் ஆன ஈ2. மூன்று பின்னில் இரு வகை உண்டு. ஒன்று வெறும் சுவிட்ச், மற்றது ஐடிஎல் இல்லாத பிந்திய வகை. வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் ஒன்றுக்கு மற்றது ஆகாது.

காப்பிக்கும் ஒரிஜினலுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வோல்டேஜில் இல்லை. மலிவான காப்பியும் மூடிய நிலையில் அரை வோல்ட்டை ஒட்டியும், முழுதாகத் திறந்தால் 4 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல சாமான் என்று வாங்கி வருகிறோம். தொல்லை கொடுப்பது ஐடிஎல் கொன்டாக்ட். த்ராட்டில் மூடியிருக்கும்போது அது ஈ2-வோடு சேர வேண்டும், கால் வைத்த உடனே விட வேண்டும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஐடில் வேகத்தை, அதாவது கால் எடுத்த நிலையில் எஞ்சின் ஓடும் வேகத்தைப் பிடிப்பது, இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்துவது, ஐடில் நேர இக்னிஷன் டைமிங் (ப்ளக் பொறி விழும் நேரம்) எல்லாவற்றையும் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ இந்த ஒரு தொடுப்பை நம்பித்தான் செய்கிறது.

ஐடிஎல் சேராமலே நின்றால் கால் எடுத்தாலும் பெட்ரோல் வெட்டுப்படாது. ஐடில் ஒரு நிலைக்கு வராது, பெட்ரோல் செலவு கூடும். விட வேண்டிய இடத்தில் விடாமல் பிந்தினால் அதைவிடக் கரைச்சல். மெல்லக் கால் வைத்து ஓடும்போது ஈசியூ அதை ஐடில் என்று நினைத்து பெட்ரோலை வெட்டும், உடனே திரும்பத் தரும், வண்டி இடித்து இடித்துப் போகும். ப்ளக், ஃபியூவல் ஃபில்டர் எல்லாம் மாற்றியும் தீராத இடிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

காப்பிகளில் இந்தத் தொடுப்பு சேரும் இடம் ஒன்றுக்கொன்று மாறும். சிலவற்றில் ஸ்க்ரூ போடும் நீள் துளையின் எல்லை வரை சுற்றினாலும் சரியான இடம் வராது. சிலவற்றில் குளிரில் சரியாக நிற்கும், எஞ்சின் சூடானதும் நகர்ந்துவிடும். பாவித்த ஒரிஜினலில் தேய்வது வேறு பகுதி, உள்ளே இருக்கும் கார்பன் தடம். அதிலும் ஐடிலுக்குச் சற்று மேலே, அன்றாடம் கால் நிற்கும் இடம்தான் முதலில் போகும். தேய்வை மீட்டரில் பிடிக்கலாம். காப்பியின் சூட்டுக் கோளாறைக் கடை மேசையில் பிடிக்க வழியில்லை. நான் பாவித்ததன் பக்கம் சாய்வது இதனால்தான்.

சென்சார் த்ராட்டில் பொடியிலேயே (த்ராட்டில் இருக்கும் உலோகக் கூடு) இருக்கும்போது பார்ப்பது நல்லது. முள் மீட்டரை ஓம் நிலையில் விடிஏ, ஈ2 பின்களில் வைத்து, த்ராட்டிலை மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். முள் தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும். முதல் கால் பகுதியில் துள்ளினால் வைத்துவிட்டு வாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் இந்தத் துள்ளல் தப்பிவிடும். அடுத்து ஐடிஎல், ஈ2. மூடும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சேர வேண்டும். பொடியோடு சேர்த்து வாங்கச் சொல்வார்கள், ஆனால் த்ராட்டில் மூடும்போது லீவர் முட்டி நிற்கும் அதன் ஸ்டொப் ஸ்க்ரூவை யாராவது திருகியிருந்தால் உங்கள் அளவெல்லாம் பிழைக்கும். சென்சாரை மட்டும் எடுங்கள்.

மாட்டும் வேலையில் சிக்கல் அந்த இரண்டு ஸ்க்ரூதான். தலை ஜப்பான் அளவு என்பதால் சாதாரண ஃபிலிப்ஸ் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனையை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். கழற்றுமுன் பழைய சென்சாரின் விளிம்பில் கோடு கீறிக்கொள்ளுங்கள். த்ராட்டில் பொடியின் வாயில் உள்ள கரியைத் துடைத்து, கேபிளில் சிறிது தளர்வு இருப்பதையும், லீவர் ஸ்டொப் ஸ்க்ரூவில் முட்டுவதையும் பாருங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். சில எஞ்சின்களில் வெக்யூமில் இயங்கும் த்ராட்டில் ஓப்பனர் உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது அது லீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருக்கும். கைப் பம்பால் அதற்கு வெக்யூம் கொடுத்துப் பின்வாங்கச் செய்யாமல் அளவு வைத்தால் முழு வேலையும் வீண்.

பிறகு சென்சாரைத் தளர்வாக மாட்டி, மீட்டரை ஐடிஎல், ஈ2-வில் வைத்து, ஸ்டொப் ஸ்க்ரூவுக்கும் லீவருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகட்டை விடுங்கள். உதாரணமாக, டொயோட்டாவின் 22ஆர்-ஈ எஞ்சினில் 0.70 மி.மீ. தகட்டோடு, தொடுப்பு மாறும் அந்தப் புள்ளி வரை சென்சாரைச் சுற்றி இறுக்க வேண்டும். பிறகு 0.57 விட்டால் தொடுப்பு இருக்க வேண்டும், 0.85 விட்டால் இருக்கக் கூடாது. 3எஸ்-ஜிடிஈ எஞ்சினில் இந்த எல்லை 0.50, 0.70. எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும், உங்கள் எஞ்சினின் கைநூலில் உள்ளதையே எடுங்கள். ஸ்க்ரூவை இறுக்கும்போது சென்சார் ஒரு மயிரிழை சுற்றிக்கொள்ளும், அதனால் இறுக்கிய பிறகும் இரண்டு தகடும் விட்டுப் பார்ப்பது கட்டாயம். ப்ளாஸ்டிக் காது வெடிக்கும் அளவுக்கு முறுக்காதீர்கள். அளவு வரவில்லை என்று ஸ்டொப் ஸ்க்ரூவைத் தொடவும் வேண்டாம்.

சரிபார்க்க ஸ்கேனர் தேவையில்லை. ஏசியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஓட்டோ என்றால் பார்க். பொனெட்டுக்குள் உள்ள டயக்னொசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியை ஒன் செய்யுங்கள். கால் வைத்திருக்கும்போது செக் எஞ்சின் விளக்கு 51 என்று (ஐந்து முறை, சற்று நின்று ஒரு முறை) மின்னும், எடுத்தால் அது நின்று சீராக மின்ன வேண்டும். எடுத்தும் 51 வந்தால் ஐடிஎல் சேரவில்லை. 41 வந்தால் சென்சார் சுற்றில் அறுபட்டோ ஷோர்ட் ஆகியோ இருக்கிறது. பழைய 41 நினைவில் கிடந்தும் வரலாம், ஈஎஃப்ஐ ஃபியூஸைக் கழற்றி அரை நிமிடம் விட்டுப் போட்டபின் மறுபடி பாருங்கள்.

டைமிங் லைட் பிடிப்பவர்கள் அதை இதற்குப் பிறகே செய்ய வேண்டும். ஐடிஎல் சேராமல் இருந்தால் டிஈ1, ஈ1 இணைத்தும் ஈசியூ அடிப்படை டைமிங்குக்கு வராது, நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரை வீணாகத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

காப்பிதான் கிடைத்தது, வேறு வழியில்லை என்றால் எஞ்சின் நன்கு சூடான பின் மறுபடி இரண்டு தகடும் விட்டுப் பாருங்கள். சூட்டில் நகர்ந்திருந்தால் திருப்பிக் கொடுக்கும் பேச்சை வாங்கும்போதே முடித்து வைத்திருக்க வேண்டும். பாவித்ததற்கும் எத்தனை வருடம் வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், முப்பது வயதுச் சாமான் அது. முள் துள்ளாத இன்னொன்று கண்ணில் பட்டால் சேர்த்து வாங்கி வையுங்கள்.