மீட்பு முக்குளிப்புப் பயிற்சியில் மூன்று வகை உபகரணங்கள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், நீமோ ரீஃப் கரையோரத்தில் மீட்பு முக்குளிப்புப் பயிற்சியை முடித்த பின்னும், அங்கே பயிற்சி பெறுவோருக்காக மயங்கியவராக நடிக்கும் வேலையைச் சில பருவங்களாகச் செய்து வருகிறேன். ஜாக்கெட் வகை பி.சி.டி. (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி), முதுகுத்தகட்டுடன் கூடிய விங் (முதுகுப்புறம் மட்டும் காற்றுப்பை கொண்டது), சைட்மவுன்ட் (சிலிண்டர்களை உடலின் பக்கவாட்டில் மாட்டுவது) ஆகிய மூன்றையும் அணிந்து இழுபட்டும், அணிந்தவர்களை இழுத்தும் பழகியிருப்பதால், நினைவிழந்த ஒருவரின் உடலிலிருந்து அவற்றைப் பிறர் எவ்வளவு விரைவாகக் கழற்ற முடிகிறது என்பதையே இங்கு முதன்மையாகக் கருதுகிறேன்.

வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண ஜாக்கெட்டை அனுபவசாலிகள் பலர் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. ஆனால் மயங்கியவருக்கு ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு ஊதிக்கொண்டே அவரைக் கரைநோக்கி இழுக்கும்போது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் ஒரு கொக்கி என்ற கணக்கில் தோள், மார்பு, இடுப்பு என வரிசையாக விடுவித்து, ஆளை அதிலிருந்து உருவிவிடலாம். காற்றை முழுக்க நிரப்பினால் அது விலாவை நெரிக்கும். களைத்து மேலே வந்தவருக்கு அது கூடுதல் அவதி.

நீருக்கடியில் உடலைக் கிடையாக வைத்திருப்பதில் ஜாக்கெட்டைவிட விங் மேல் என்பேன். மேற்பரப்பில்தான் சிக்கல். காற்றுப்பை முழுவதும் முதுகுப்புறம் இருப்பதால், நினைவற்ற உடலை முகம் குப்புறத் தள்ளப் பார்க்கும். விங்கை உடலோடு பிணைக்கும், ஒரே நைலான் பட்டையால் ஆன ஹார்னஸில் இடுப்பு பக்கிளைத் திறந்தால் கவட்டுப் பட்டையும் சேர்ந்தே விடுபடும். ஆனால் தோளில் கொக்கி இல்லாததால் கையை மடக்கித்தான் உருவ வேண்டும், முழங்கை அங்கே மாட்டிக்கொள்ளும். உண்மையான ஆபத்தில் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். தன் ஹார்னஸை ஒத்திகைக்காக வெட்டக் கொடுப்பவர் யாரும் இல்லாததால், பயிற்சியில் இதற்கு வழியில்லை. எடைப்பட்டை (மூழ்குவதற்கான எடைகள் கோத்த இடுப்புப் பட்டை) அணிபவர்கள் அதைக் கவட்டுப் பட்டைக்கு மேலாகக் கட்ட வேண்டும். அடியில் சிக்கினால் அவிழ்த்தாலும் கீழே விழாது.

விங்குடன் பெரும்பாலும் சேர்ந்து வரும், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் இரண்டு மீட்டர் நீளக் குழாய், ஒருவர் பின் ஒருவராக வெளியேற வேண்டிய குகை முக்குளிப்பில் உருவான ஏற்பாடு. பீதியடைந்தவர் நாம் மூச்சுவிட வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டரைத்தான் பறிக்க வருவார் என்பதால், அதையே அவரிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டருக்கு மாறும் இந்த முறை எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

சைட்மவுன்ட் அணிந்து நான் மிதந்தபோது, சில மாடல்களில் காற்றுப்பைக்குக் காற்றூட்டும் குழாய் இடுப்பருகே இருப்பதை அறியாத மாணவர்கள், அது வழக்கமாக இருக்கும் இடமான என் இடது தோளையே தடவிக்கொண்டிருந்தார்கள். வலது சிலிண்டரைக் கழற்றுமுன் கழுத்தைச் சுற்றிய நீளக் குழாயை எடுக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. மாறாக, விவரம் தெரிந்தவர் கையில் சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக விலகிய பின், கரையேற்ற இதைவிட இலகுவான ஆள் இல்லை. வழக்கமான 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ அளவுக்கு மிதப்பதால், அவிழ்த்துவிட்டாலும் மூழ்காது.

இப்போது நான் அணிவது விங்தான், ஆனால் இடது தோளில் விரைவாகத் திறக்கும் கொக்கி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கொக்கி உடையக்கூடும் என்று நண்பர்கள் குறை சொல்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை அதை மாற்றிவிடுகிறேன்.