கண்ணா, காலா, கூழா? பூங்காப் பூச்சியை அடையாளம் காண மூன்று வழிகள்

பூங்காக்களில் பூச்சி பிடிக்கக் கூடாரம் மாதிரி ஒரு வலை கட்டுவார்கள். மலேஸ் பொறி என்று பெயர். வலையில் மோதும் பூச்சி வெளிச்சம் தேடி மேலே ஏறி, உச்சியில் இருக்கும் எத்தனால் பாட்டிலில் விழும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அடியில் டீத்தூள் படிந்த மாதிரி இருக்கும். அத்தனையும் பொடிப்பொடி ஈக்கள், குளவிகள். எது என்ன இனம் என்று யார் சொல்வது?

முதல் வழி கண். மைக்ரோஸ்கோப்பும் பொறுமையும் போதும். பழைய முறைதானே என்று ஒதுக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் இதே வலையைக் கட்டி, மெகாசெலியா என்ற பேரினத்து ஈக்களில் மட்டும் 30 புது இனங்களை 2015-ல் விவரித்தார்கள். ஆண் ஈயின் பிறப்புறுப்பையும் உடலிலுள்ள முடிகளையும் பார்த்துப் பிரித்த வேலை அது. ஆனால் அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அப்புறம், பெண் ஈ வந்தால் அவர்களுக்கே திணறல்.

இரண்டாவது, கால். பூச்சியின் ஒரு காலை மட்டும் பிய்த்து டி.என்.ஏ. எடுப்பது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் 2003-ல் முன்வைத்த யோசனை இது: செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் சுமார் 650 டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்தால் பெரும்பாலான விலங்கினங்களைப் பிரித்துவிடலாம். ஆணும் பெண்ணும், புழுவும் பூச்சியும் ஒரே இனமா என்பது இதில் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் மீதி உடல் பத்திரமாக இருக்கிறது. குறை என்னவென்றால், பெயரோடு ஒப்பிடத் தரவுத்தளத்தில் மாதிரி இல்லாவிட்டால் கையில் வெறும் எண்தான் மிஞ்சும். அண்மையில் பிரிந்த இனங்களுக்கு ஒரே பார்கோடு, அதாவது அந்த 650 எழுத்துத் துண்டு, இருப்பதும் உண்டு.

மூன்றாவது, கூழ். பாட்டிலில் இருப்பதை மொத்தமாக அரைத்து, எல்லா டி.என்.ஏ.வையும் ஒரே ஓட்டத்தில் படிப்பது. ஏராளமான பாட்டில்கள் இருந்தால் செலவு குறையும். ஆனால் எத்தனை பூச்சி என்ற கணக்கு கிடைக்காது. ஒரு கொழுத்த வண்டின் டி.என்.ஏ. நூறு கொசு ஈக்களுடையதை அமுக்கிவிடும். அரைக்காமல், பூச்சிகளை ஊறவைத்து டி.என்.ஏ. எடுக்கும் முறையும் இருக்கிறது. அதிலும் எந்த டி.என்.ஏ. எந்த உடலிலிருந்து வந்தது என்று தெரியாது.

என்னைக் கேட்டால், பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் கண்ணே போதும், ஆய்வகத்துக்குக் காசு கொட்ட வேண்டாம். சின்ன ஈக்களுக்கு முதல் வருடம் கால்தான் சரி. உள்ளூர்ப் பட்டியல் ஒன்று தேறிய பிறகு வருடா வருடம் கண்காணிக்கக் கூழுக்கு மாறலாம். எதுவானாலும் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றிவிடாதீர்கள். உடல் கெடாது, டி.என்.ஏ. கெட்டுவிடும்.