அரிசிப் பையில் கத்தரி: மூன்று வருட அனுபவம்

"வீட்டில் காலி அரிசிப் பை நிறையக் கிடக்கு. செடி வைக்க அதுவே போதுமா, இல்ல குரோ பேக் வாங்கணுமா?" என்று போன வாரம் தோழி கேட்டாள். அதற்கு முந்தின நாள்தான், காய்த்துத் தொங்கிய கத்தரியை நிழலுக்கு நகர்த்தலாம் என்று பையைப் பிடித்து இழுத்தேன். விளிம்பு கையோடு வந்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்து மண் முழுக்கத் தரையில், வேர் வெளியில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 25 கிலோ பையின் வாயைப் பாதி வரை வெளிப்பக்கமாக மடித்தால் கத்தரிக்குத் தாராளமான ஆழம். நெசவு இடுக்கில் தண்ணீர் தானே கசிந்துவிடுவதால் அடைமழையில்கூட வேர் அழுகியதில்லை. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் சம பங்கு. அரிசி கழுவின தண்ணீர். மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். முதல் வருடம் ஆடியில் வைத்த நாலு செடி, தை வரைக்கும் கடையில் கத்தரிக்காய் வாங்க விடவில்லை.

கெடுப்பது வெயில். இந்தப் பைகள் பாலிப்ரொப்பிலீன் நாடாவில் நெய்தவை. மூட்டை கட்டி அடுக்கி வைக்கத்தான் செய்தது, வருடக்கணக்கில் மொட்டை மாடியில் கிடக்க அல்ல. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு இழை வலுவிழந்துவிடும். எங்கள் மதுரை வெயிலுக்குப் பங்குனிக்குள் மொறமொறவென்று ஆகி, விரலால் தேய்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

கிழிந்தால் வேறு பைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுகூடப் பரவாயில்லை. நொறுங்கின வெள்ளைத் துணுக்கு மண்ணோடு கலந்துவிடுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சல்லடையில் சலித்துப் பார்த்தேன். நீள இழைகள் மேலே நிற்கின்றன, பொடி கீழே இறங்கிவிடுகிறது. மூன்று வருடமாக உரம் போட்டு, மண்புழு தானாக வந்து சேர்ந்த மண் அது. விஷமில்லாத காய் வேண்டும் என்றுதானே மாடிக்கே ஏறினேன்?

அதே முதல் வருடம் வைத்த 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டும் நிறம் வெளுத்ததோடு சரி. தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் இருந்த வாளியாகப் பார்த்து எடுத்து, நன்றாகக் கழுவினேன். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் நாலு ஓட்டை, பக்கவாட்டில் ஒரு அங்குலம் மேலே இரண்டு. அடி ஓட்டையை வேர் அடைத்துக்கொண்டாலும் பக்கத்து ஓட்டை காப்பாற்றும். வாளியைச் செங்கல் மேல் வைத்தால் தளமும் காயும்.

அதனால் தோழியிடம் அரிசிப் பையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்தில் பிடுங்கிவிடும் கீரைக்குக்கூடச் சொல்ல மனம் வரவில்லை.

விழுந்த கத்தரியை அன்றே வாளிக்கு மாற்றி, காயைப் பறித்து, பூவையும் கிள்ளிவிட்டேன். நாலு நாள் இலை தொங்கிக் கிடந்தது. இன்று காலை நுனியில் இரண்டு இலை நிமிர்ந்திருக்கிறது.