பயோஸ் அப்டேட்டில செத்த கொம்பியூட்டர் கொழும்பில திரும்ப எழும்பினது

ஊருக்கு வாற ஆக்கள், வீட்டில ஆராவது பழைய கொம்பியூட்டர் வச்சிருந்தா இதை ஒருக்கா வாசிச்சிட்டு வாங்கோ. பயோஸ் (கொம்பியூட்டரை ஒன் பண்ணின உடன முதல் ஓடுற புரோகிராம்) அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கிரீன் வரேல்லை எண்டா மதர்போர்ட் (உள்ளுக்க இருக்கிற பெரிய போர்ட்) முடிஞ்சுது எண்டு ஆரும் சொன்னா உடன நம்பாதேங்கோ.

நான் இந்தமுறை கனடாவில இருந்து வந்து வெள்ளவத்தையில மாமா வீட்டிலதான் நிண்டனான். அவற்ற டெஸ்க்டொப் 2013 இல வாங்கினது, பென்சன் பேப்பர், கோயில் சபைக் கணக்கு, மோசம்போன மாமியின்ர படங்கள் எல்லாம் அதுக்குள்ளதான், வேற எங்கயும் கொப்பி இல்லை. அப்டேட் இருக்கெண்டு காட்ட மாமா ஓம் குடுத்திருக்கிறார், பாதியில கரண்ட் போட்டுது, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கிற யூபிஎஸ்ஸும் இல்லை. பிறகு பட்டனை அமத்தினா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் கறுப்பு, பீப் சத்தம்கூட இல்லை, நம் லொக் அமத்தினாலும் கீபோட் லைட் மாறேல்லை.

வீட்டில செய்யக்கூடியதெல்லாம் செய்து பாத்தம். பிளக்கைக் கழட்டிப்போட்டு பவர் பட்டனை அமத்திப் பிடிச்சது, ராமைக் கழட்டித் திரும்பப் போட்டது, போர்டில இருக்கிற சிஆர்2032 காசு பட்டரியைக் கொஞ்ச நேரம் எடுத்து வச்சது. அசையேல்லை.

காலி வீதியில ஒரு கடைக்குக் கொண்டுபோக, கவரைக்கூடத் திறக்காமல் "போர்ட் போச்சு அண்ணை, புதுசு எடுங்கோ" எண்டினம். விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபர் 14 ஓட சப்போர்ட் நிண்டிட்டுது எண்டும் சேத்துச் சொன்னவை. அது உண்மைதான், ஆனா கொம்பியூட்டர் ஒன் ஆகாததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பென்சன்காரரிட்ட இப்பிடிச் சொல்லி காசு பறிக்கிறது எனக்கு சரியான கோவம்.

பயோஸ் எண்டுறது போர்டில இருக்கிற எட்டுக்கால் சிப் ஒண்டுக்குள்ள இருக்கிற புரோகிராம், அப்டேட் எண்டா அதை அழிச்சு அழிச்சுத் திரும்ப எழுதிறது, எழுதேக்க கரண்ட் போனா அரைகுறையா நிண்டிடும், சிபியூவுக்கு எங்க தொடங்கிறதெண்டே தெரியாது. சிப்பும் பழுதில்லை, போர்டும் பழுதில்லை, ஹார்ட் டிஸ்க்கை அது தொடவே இல்லை.

பிறகு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனம், மெஜஸ்டிக் சிற்றிக்குப் பக்கத்தில. மாடியில சின்னக் கடை, ஒரு தம்பி லென்ஸால சிப்பில எழுதியிருக்கிற நம்பரைத்தான் முதல் பாத்தவர், 25கியூ64, 8 எம்பி, 3.3 வோல்ட். சில சிப் 1.8 வோல்ட்டாம், அதுக்கு இந்த வோல்ட்டைக் குடுத்தா எரிஞ்சிடுமாம். சிப்பில புள்ளி இருக்கிற பக்கம் சிவப்பு வயர் வாற மாதிரி கிளிப்பைக் கவ்வ வச்சு, மற்ற நுனியை சிஎச்341ஏ புரோகிராமரில, அதாவது சிப்பை வாசிச்சு எழுதிற சின்னக் கருவியில, கொழுவினார். உள்ள இருக்கிறதை ரெண்டுதரம் வாசிச்சு ரெண்டும் ஒண்டா எண்டு ஒப்பிட்டார், வித்தியாசம் வந்தா கிளிப் சரியாப் பிடிக்கேல்லையாம். அந்தப் பழைய கொப்பியை சேவ் பண்ணி, அதில இருந்த சீரியல் நம்பரையும் நெட்வேர்க் மக் அட்ரஸையும் (நெட்வேர்க்கில கொம்பியூட்டரை அடையாளம் காட்டுற நம்பர்) எடுத்து புது ஃபைலில போட்டுத்தான் எழுதினார். எனக்கு அந்தப் பெடியனில மரியாதை வந்தது இந்த இடத்திலதான், வெறும் ஃபைலை அப்பிடியே எழுதிவிட்டிருந்தா சீரியல் நம்பர் இல்லாத கொம்பியூட்டராத்தான் வந்திருக்கும்.

ஸ்கிரீன் வந்திட்டுது, ஆனா "நோ பூட்டபிள் டிவைஸ்", விண்டோஸைத் தொடங்க டிஸ்க் ஒண்டும் இல்லை, எண்டு நிக்குது. மாமான்ர முகம் சுருங்கிப்போச்சு. தம்பி பதறேல்லை, செட்டிங் எல்லாம் புதுசாப் போனதால விண்டோஸைத் தொடங்கிற புது முறையான யூஇஎஃப்ஐ மோட்டில நிக்குது, மாமான்ர விண்டோஸ் பழைய லெகசி மோட்டில போட்டது எண்டு சொல்லி மாத்திவிட்டார், உடன பூட் ஆச்சு. தயவுசெய்து இந்த இடத்தில ஆரையும் ஃபோர்மட் அடிக்க விடாதேங்கோ, டிஸ்க்கில எல்லாம் அப்பிடியேதான் இருக்கும்.

5000 ரூபா எடுத்தவர், பில்லும் தந்தவர். நீங்கள் போனா முதல் கேக்கவேண்டியது, "பயோஸ் சிப்பை புரோகிராமரில எழுதுவீங்களோ" எண்டுதான், ஓம் எண்டா மட்டும் பெட்டியை இறக்குங்கோ, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வீட்டில வச்சிட்டுப் போனாலும் இந்த வேலை நடக்கும், பூட் பண்ணிப் பாக்கத்தான் டிஸ்க் வேணும். வரேக்க மாமாக்கு ஒரு யூபிஎஸ்ஸும் எடுத்தம், படங்களை எக்ஸ்டேர்னல் டிஸ்க் ஒண்டில கொப்பி பண்ணி மச்சாள் வீட்டில குடுத்திருக்கு.