நியூகாசிலில் வெயில், டைன்மவுத்தில் மூட்டம்: வட கடலோரக் கோடை பற்றி

நியூகாசிலை ஒட்டி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் டைன்மவுத் என் ஊர். லண்டனில் மேல்மாடி ஃப்ளாட்டில் குடியிருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "டேய், நியூகாசில்ல ஒரு வேலை வர மாதிரி இருக்கு. உங்க ஊர்ல கடலோரமா வீடு பார்க்கட்டுமா? கோடை எப்படி?" 2022 ஜூலையில் ஹீத்ரோவில் 40 டிகிரி தாண்டியபோது ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கியவன். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்தில் கேட்டிருக்கக் கூடாது.

எண்களை அவனே பார்த்துக்கொள்ளலாம். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் சராசரியாக 18 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், ஜனவரியில் 7, 8. ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் வழியில் இருக்கும் பெனைன் மலைகளிலேயே பெரும்பாலும் கொட்டிவிடுவதால் நாங்கள் தப்பிக்கிறோம். 'இங்கிலாந்து என்றால் எப்போதும் மழை' என்று சொல்பவர்கள் இந்தக் கரைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

எண்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது: கடலிலிருந்து கரையேறும் மூடுபனி. அதை இங்கே ஃப்ரெட் என்கிறார்கள். வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் போனால் ஹார். மே மாதத்தில் வட கடல் இன்னும் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று நகரும்போது அடியில் குளிர்ந்து மூட்டமாகிவிடும். கிழக்குக் காற்று கொஞ்சம் தள்ளினால் போதும், அது நேராகத் தெருவுக்குள் வரும். ஏப்ரலில் தொடங்கி கோடை முழுக்க எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

எனக்குக் கடுப்பு மூட்டத்தின் மேல் இல்லை, அது வரும் நேரத்தின் மேல். உள்நாட்டில் வெயில் ஏற ஏற அங்கே காற்று சூடாகி மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே இழுக்கப்படும். கடல்மேல் மூட்டம் படிந்திருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். ஆக, நியூகாசில்காரர்கள் எவ்வளவு வியர்க்கிறார்களோ அவ்வளவு உறுதியாக நமக்கு வெள்ளைத்திரை. அங்கே 24, இங்கே 13. இடையில் மெட்ரோவில் அரை மணி நேரம்தான். நல்ல வெயில் நாளில் அரைக்கால் சட்டையும் மணல் வாளியுமாகக் குடும்பம் குடும்பமாக டைன்மவுத்தில் இறங்குவார்கள். லாங்சாண்ட்ஸ் கடற்கரையில் கடலே தெரியாது. பாறைமேல் நிற்கும் பாழடைந்த மடாலயம் பாதிதான் தெரியும். ஆனாலும் ஐஸ்கிரீம் வரிசை குறையாது. அந்தப் பிடிவாதத்துக்காகவே இந்த மக்களை எனக்குப் பிடிக்கும்.

கைபேசியின் வானிலைச் செயலி இதில் பெரும்பாலும் உதவாது. அது முழுச் சூரியனைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கதவின் நிறம்கூடத் தெரியாது.

ஒரு கோடையில் அம்மா வந்திருந்தார். ஜூன் கடைசியில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் பகல் இருப்பதைப் பார்த்ததும், இவ்வளவு வெளிச்சத்தை வீணாக்கலாமா என்று கூழ் காய்ச்சிப் பின்கட்டில் வடாம் பிழிந்துவிட்டார். காக்கைக்குப் பதிலாகக் கடற்காகங்கள் வந்தன, அவை ஒவ்வொன்றும் கோழி அளவு. அவற்றைக் குச்சி வைத்து விரட்டியாயிற்று. மதியம் வெயில் நன்றாக ஏறியதும் ஃப்ரெட் வந்தது, அதை விரட்ட முடியவில்லை. வடாம் திரும்பக் கூழானது. "தூத்துக்குடியிலயும் கடல் இருக்கு, அது இப்படிப் பண்ணாது" என்றார் அம்மா. உண்மைதான், அந்தக் கடல் இவ்வளவு குளிர்ந்ததில்லை.

துணியும் இதே கதைதான். இங்கே பழைய வீடுகளின் பின்சந்தில் கொடி கட்டித் துணி காயப்போடுவது வழக்கம். காலையில் போட்டால் மதியம் காய்ந்து, மூன்று மணிக்கு மறுபடி ஈரமாகி, உப்பு வாசனையோடு உள்ளே வரும். சைக்கிள் சங்கிலி, கதவுக் கீல் எல்லாம் துருப்பிடிக்கும். அதைக் கடலோரத்தில் எங்கே போனாலும் சொல்லலாம், விடுங்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். என்னைச் சுத்தமாகக் கெடுத்துவைத்திருப்பது இந்த ஊரின் இரவுகள். ஜூலையிலும் ஜன்னலைத் திறந்து வைத்துக் கனமான போர்வையோடு தூங்கலாம். மின்விசிறி வாங்கினேன், பெட்டியோடு பரணில் கிடக்கிறது. ஏசி என்ற பேச்சே எழுவதில்லை. குளிர்காலத்தில் உள்ளே சில கிலோமீட்டர் தள்ளி உறைபனி கட்டும்போது இங்கே பெரும்பாலும் தரை ஈரமாக மட்டும் இருக்கும். 2018இல் கிழக்கிலிருந்து வந்த கடும்பனி மாதிரி அபூர்வமாக ஒன்று வந்தால்தான் தெரு வெள்ளையாகும். இதையெல்லாம் செய்வதும் அதே கடல்தான்: கோடையில் மெதுவாகச் சூடாகி, குளிர்காலத்தில் மெதுவாக ஆறுகிறது. ஃப்ரெட் இல்லாமல் இந்த இரவுகளை மட்டும் தனியாக வாங்க வழியில்லை.

புயல் தனிக் கணக்கு. 2023 அக்டோபரில் பாபெட் புயல் டைன் ஆற்றின் அக்கரையில் இருக்கும் சௌத் ஷீல்ட்ஸ் கலங்கரை விளக்கத்தின் தலையையே பிடுங்கிப் போட்டது. ஆனால் புயல் சொல்லிவிட்டு வருகிறது, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கூட்டிக் கழித்தால் தூக்கம், மழைக்குறைவு, மிதமான குளிர்காலம் எல்லாம் ஒரு பக்கம். கோடையில் அவ்வப்போது வரும் மூட்டம் மறுபக்கம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது தெளிவு. ஆனாலும் நண்பனுக்கு நான் அனுப்பிய பதில்: வராதே. இந்த வாரம் முழுக்க நனைந்த வேட்டியை முகத்தில் போட்ட மாதிரி இருக்கிறது, நியூகாசிலில் இருந்து சக ஊழியர் வெயில் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், இந்த நிலையில் வேறு பதில் எனக்கு வராது. கடல் நன்றாகச் சூடேறியிருக்கும் செப்டம்பரில் ஃப்ரெட் அபூர்வம், வானம் தெளிவு. அப்போது அவன் மறுபடி கேட்கட்டும். அதற்குள் என் வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன்.