ரஷ்ய மளிகைச் சொற்கள்: செயலியும் கடையும்

வோல்கோகிராதில் மருத்துவம் படிக்கிறேன். உடற்கூறியலுக்கு முன்னால் இங்கே தேவைப்பட்டது சாப்பாட்டுச் சொற்கள்தான். விடுதியில் நாமே சமைத்தால்தான் கட்டுப்படியாகும், அதற்குப் பியாதெரோச்கா, மக்னித் கடைகளில் பாக்கெட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் சந்தா கட்டி ஒரு செயலியில் படித்தேன். ரொட்டி, பால் வரை சரி. அப்புறம் அன்னாசி, இறால் என்று எங்கேயோ போய்விட்டது. இங்கே வீட்டுக்கு வீடு வேகும் க்ரேச்கா (பக்வீட் தானியம்) கடைசிவரை வரவே இல்லை. விட்டுவிட்டேன்.

இன்றுவரை கூடவே இருப்பது ஆன்கி, சொல்லை ஒரு பக்கமும் பொருளை மறுபக்கமும் போட்டு மனப்பாடம் செய்யும் அட்டைச் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குத்தான் காசு. கடையில் பார்ப்பதைப் படமெடுத்து நானே அட்டை போட்டுக்கொள்கிறேன்.

அரிசியையே பாருங்கள். 'ரிஸ்' மட்டும் தெரிந்து வாங்கினால் உருண்டை அரிசி மாட்டலாம், குழைந்து கஞ்சியாகிவிடும். பையில் 'ப்ரபாரென்னி' என்று போட்டிருந்தால் அது புழுங்கல். 'மாஸ்லா' வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் பொது. ஸ்லீவச்னயே என்றால் வெண்ணெய், பத்ஸோல்னிச்னயே என்றால் சூரியகாந்தி எண்ணெய். கொத்தமல்லித்தழை கின்ஸா. பக்கத்திலேயே அதே சாயலில் பெத்ரூஷ்கா இருக்கும், பார்ஸ்லி. ரசத்துக்கு ஆகாது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'கவ்யாதினா'வை முதல் வாரமே படித்துவிடுவார்கள். அது போதாது. 'ஃபார்ஷ் தமாஷ்னி' என்று வீட்டுப் பக்குவப் பெயரில் விற்கும் கொத்துக்கறி, வழக்கமாகப் பன்றியும் மாடும் கலந்தது. 'சஸ்தாஃப்' என்று தொடங்கும் வரியில்தான் உள்ளே என்னென்ன என்று இருக்கும்.

தனிச்சொல் அட்டையில் ஒரு குறை உண்டு. கடையில் சொல்லின் வால் மாறிவிடும். கர்த்தோஷ்கா என்று படித்த உருளைக்கிழங்கை ஒரு கிலோ கேட்டால் 'கிலோ கர்த்தோஷ்கி', மலகோ (பால்) லிட்டரில் 'மலகா'. அதனால் இப்போது அளவோடு சேர்த்தே அட்டை எழுதுகிறேன். எழுத்தில் 'மொலொகோ', காதில் 'மலகோ' என்பதால் ஒலிப்பதிவும் கட்டாயம் வேண்டும். கல்லாவில் 'பக்கேத் நூஷென்?' (பை வேண்டுமா?) என்று விடுகிற வேகத்துக்கு மட்டும் எந்த அட்டையும் உதவாது, நின்று நின்று காது பழக வேண்டியதுதான்.

சைவர்கள் 'பெஸ் மியாஸா' (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டாலும் கறித்துண்டு மட்டும் இல்லாத, எலும்புச்சாற்றில் வைத்த சூப் வரலாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் பல ஸ்தலோவயாக்களில் (சாதாரண உணவகங்களில்) 'போஸ்னயே மென்யு' (நோன்பு உணவுப் பட்டியல்) போடுவார்கள். அதில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது, ஆனால் மீன் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சூப், சாலட், அவித்த கிழங்கு எல்லாவற்றின் தலையிலும் உக்ரோப், அதாவது சதகுப்பைத் தழை, தூவிவிடுவார்கள். அந்த வாசம் ஆகாதவர்கள் 'பெஸ் உக்ரோபா' அட்டையை முதல் நாளே போட்டுவிடுங்கள்.