பார்க்காமலே "கால் ஆணிதான்க்கா" என்றார்கள்: மருவுக்கு மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இடது குதிகாலுக்குச் சற்று முன்னால் மிளகளவில் ஏதோ தடித்திருந்தது. நடந்தால் செருப்புக்குள் கல் கிடப்பது போல உறுத்தல். மருந்துக்கடையில் சொன்னேன். கவுண்டரில் இருந்த தம்பி காலைக் காட்டச் சொல்லவேயில்லை. "கால் ஆணிதான்க்கா. இந்தப் பிளாஸ்டரை ஒட்டுங்க. வெள்ளையா ஊறினதும் பிளேடால சீவிடுங்க, வேரோட வந்துடும்."

சீவினேன். ரத்தம் வந்தது. உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தன. ஓகோ, இதுதான் வேர் போலிருக்கிறது என்று இன்னும் ஆழமாகத் தோண்டினேன். அந்த நேரத்து என் புத்தியை என்னவென்று சொல்ல!

இரண்டு மாதத்தில் ஒன்று நான்காகியிருந்தது. குளியலறையில் ஒரே ஒரு தேய்ப்புக்கல், வீட்டில் எல்லோருக்கும் அதுதான். மகளின் பாதத்திலும் ஒன்று முளைத்திருந்தது. மறுபடி அதே கடை. இந்த முறை ஒரு சின்ன பாட்டில். "இது ஸ்ட்ராங்கா இருக்கும்க்கா, நாளைக்கு மூணு வேளை நல்லா தடவுங்க." அப்பாவுக்கும் சுண்டுவிரலில் ஆணி இருந்ததால் அவருக்கும் ஒரு பிளாஸ்டர் கேட்டேன். அவருடைய மாதாந்திர சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினையும் சேர்த்தே வாங்கினேன். எல்லாம் ஒரே பில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் மருந்து மருவைச் சுற்றியிருந்த நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிட்டது. ஒரு வாரம் நொண்டிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போனேன். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருபுறமும் விரலை வைத்து அதை நசுக்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. "ஆணின்னா நேரா அழுத்தினாத்தான் அதிகமா வலிக்கும். இப்படிப் பக்கவாட்டுல நசுக்கி வலிச்சா அது பெரும்பாலும் பாத மரு." பாதத்தின் தோல் வரிகள் அந்த இடத்தில் அறுந்து விலகிப் போவதையும் காட்டினார். நான் வேர் என்று தோண்டியவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். ஆணி என்பது அழுத்தத்தால் தடித்த தோல், அவ்வளவுதான். மரு எச்பிவி வைரஸால் வருவது. பிளேடும் பொதுக்கல்லும் அதைப் பரப்பும்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான், சாலிசிலிக் அமிலம். மருந்தில் தப்பில்லை, போடச் சொன்ன விதத்தில்தான். பாதத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊற வைத்து, மருவுக்கென்றே தனியாக வைத்த அரத்தால் மேல்தோலை மெல்லத் தேய்த்து, சுற்றிலும் வாசலின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. எனக்குத் தந்த மருந்து நாளுக்கு ஒரு வேளைதான் போட வேண்டியதாம். இப்படி 12 வாரம் வரைகூட ஆகுமாம். எரிந்தால் நிறுத்திவிட்டுத் தோல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முகத்திலோ பிறப்புறுப்புப் பக்கமோ தொடவே கூடாது. நிறம் மாறுவது, தானாக ரத்தம் கசிவது எல்லாம் கடையில் கேட்கும் விஷயமே இல்லை என்றார். மகளுக்கு வலி இல்லாததால், சும்மா விட்டாலே பல குழந்தைகளுக்கு இரண்டு வருடத்துக்குள் போய்விடும் என்று அனுப்பிவிட்டார்.

மருவை உறைய வைக்கும் குளிர் ஸ்ப்ரே வாங்கலாமா என்றும் கேட்டேன். மருத்துவமனையில் வைப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், கடை ஸ்ப்ரே அந்தக் குளிர்ச்சிக்குப் பக்கத்தில்கூட வராது என்று சிரித்தார்.

கிளம்பும்போதுதான் அப்பாவின் பிளாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவருக்குச் சுகர் இருக்கா?"

பதினைந்து வருடமாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த மனிதர், வலிக்கவில்லை என்று பிளாஸ்டரைக் கழற்றவேயில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால் சுண்டுவிரலில் குழி விழுந்த புண். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது, எறும்பு எழுத்தில். நானும் படிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரையையும் அமிலப் பிளாஸ்டரையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்த கைக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா?

கடைக்குப் போய்க் கேட்டேன். "சுகர்னு நீங்க சொல்லலையேக்கா" என்றான் அந்தத் தம்பி. பில்லை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். முதலாளி எட்டி வாங்கிப் பார்த்தார்.

"பிரிக்காத பிளாஸ்டர் மீதி இருந்தா கொண்டாங்கம்மா, ரிட்டர்ன் எடுத்துக்கறோம்."

அப்பாவுக்கு இன்னும் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.